கஜன் திறந்த கதவு

பத்து நாற்பத்திரண்டு. காலை. வெள்ளிக்கிழமை. கொழும்பை விட்டு இரண்டாம் நாள்.

தரை எழும்புகிறது.

வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை. வெடிச்சத்தம் கேட்கவில்லை. குளிர் அறைக்குள் சத்தம் வராது. சுவர் முழுக்க நுரை அடைத்திருக்கும். கீழேயிருந்து ஒரு அடி. ஒரே அடி. முழங்கால் மடங்குகிறது. தலை கூரையில் இடிக்கிறது. கை நீட்டினாலும் எனக்கு அந்தக் கூரை எட்டாது. அப்படியென்றால் தூக்கி எறியப்பட்டிருக்கிறேன்.

பெட்டிகள் விழுகின்றன. உறைந்த கோழி. பெட்டிக்குப் பத்துக் கிலோ. ஒன்று தோளில். ஒன்று முதுகில். மூன்றாவது விழும்போது நான் ஏற்கெனவே தரையில் கிடக்கிறேன். விளக்கு அணைகிறது. எரிகிறது. மறுபடி அணைகிறது. பிறகு எரியவே இல்லை.

தரையில் கன்னம் ஒட்டியிருந்தது. கன்னத்தின் வழியாகத்தான் கப்பலைக் கேட்டேன். இரும்பை இரும்பு கிழிக்கும் ஒரு நீண்ட முனகல். அது நின்ற பிறகு என்ஜின் நின்றிருப்பது தெரிந்தது. என்ஜின் ஓடும்போது அது யாருக்கும் கேட்பதில்லை. நின்றால்தான் கேட்கும்.

என் பெயர் கிளமென்ற். கொட்டாஞ்சேனை. வயது நாற்பத்தாறு. அந்தக் கப்பலில் தலைமைச் சமையற்காரன். கப்பலின் பெயரை எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். எழுதவில்லை. கோதுமை ஏற்றிய கப்பல். ஐந்து கிடங்கு நிறையக் கோதுமை. முதலாளி ஒரு நாட்டுக்காரர். கொடி இன்னொரு நாட்டுடையது. சண்டை வேறு இரண்டு நாடுகளுக்கு. எங்களில் ஒருவனுக்கும் அந்தச் சண்டையில் பங்கில்லை. எங்களை அடித்தது ஒரு நீர்மூழ்கி. தன்னுடையது என்று இன்றுவரை ஒரு நாடும் ஒப்புக்கொள்ளவில்லை.

கப்பலில் இருபத்திரண்டு பேர். இலங்கையர் மூன்று பேர். நான் ஒருவன். மற்றவர் நிஹால் அய்யே. மேல்தளத்து வேலையாட்களுக்குத் தலைவர். காலி நகரப் பக்கத்துச் சிங்களவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர், அதனால் எனக்கு அய்யே, அண்ணன். மூன்றாவது ஆள் கஜன். கஜேந்திரன். வெள்ளவத்தை. மூன்றாம் என்ஜினியர். இருபத்தொன்பது வயது. வெள்ளிக்கிழமைகளில் மீன், இறைச்சி, மச்சம் எதுவும் சாப்பிடமாட்டான். அவனுக்கென்று பருப்பும் ஒரு மரக்கறியும் தனிச் சட்டியில் வைப்பேன். அதில் அவனுக்கு வெட்கம். "எனக்கெண்டு கஷ்டப்படாதேங்கோ அண்ணை" என்பான். சாப்பிட்டு முடிந்ததும் தன் கோப்பையைத் தானே கழுவி வைப்பான். கப்பலில் என்ஜினியர்மார் யாரும் கோப்பை கழுவுவதில்லை.

அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

*

இருட்டு. பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டுப் பாகை. குளிர் அங்கி வெளியே ஆணியில் தொங்குகிறது. ஒரு நிமிட வேலைதானே என்று போடாமல் வந்திருந்தேன். மேலே ஒரு ரீ சேர்ட். அதற்கு மேல் ஏப்ரன். அவ்வளவுதான்.

கதவைத் தேடுகிறேன். தரை இடப்பக்கம் சரிந்திருக்கிறது. கதவு மேட்டில் இருக்கிறது. பெட்டிகளின் மேல் தவழ்ந்து போகிறேன். உள்ளேயிருந்து திறக்க ஒரு குமிழ் உண்டு. தள்ளினால் வெளித்தாழ் விலகும். தள்ளினேன். தாழ் விலகிய சத்தம் கேட்டது. டக். கதவு அசையவில்லை. தோளால் இடித்தேன். அசையவில்லை. முதுகைக் கொடுத்துக் கால்களால் உதைத்தேன். சட்டம் முறுகியிருந்தது. கதவு சட்டத்துக்குள் நெரிந்து நின்றது.

குமிழுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. உள்ளே ஆள் அகப்பட்டுக்கொண்டால் அமத்துவதற்கு. அமத்தினால் என் சமையல் குசினியில் மணி அடிக்கும். கீழே என்ஜின் கட்டுப்பாட்டு அறையிலும் ஒரு சிவப்பு விளக்கு எரியும். மின்சாரம் போனாலும் பற்றரியில் ஓடும். மாதத்துக்கு ஒருதரம் அதைச் சோதிப்பது கஜனின் வேலை. நான் உள்ளே நின்று அமத்துவேன். அவன் கீழேயிருந்து போனில் சொல்வான். "எரியுது அண்ணை. வெளியிலை வாங்கோ."

அமத்தினேன்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மணி அடிக்கிறதா, வயர் அறுந்துவிட்டதா, குசினி இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. அமத்திப் பிடித்துக்கொண்டே நின்றேன். கட்டைவிரல் மரத்தது. மற்றக் கைக்கு மாற்றினேன்.

கைக்கடிகாரத்தின் முள் இருட்டில் மினுங்கும். பத்து நாற்பத்தேழு.

அப்போது அபாய ஒலி தொடங்கியது. அதுவும் இரும்பு வழியாகத்தான் வந்தது. ஏழு குறுகிய அதிர்வு. ஒரு நீண்ட அதிர்வு. மறுபடி ஏழு. மறுபடி ஒன்று. எல்லோரும் படகுக்கு ஓட வேண்டும் என்று அர்த்தம். மேலே எல்லோரும் ஓடுகிறார்கள். நான் பொத்தானை அமத்திக்கொண்டு நிற்கிறேன்.

கத்தினேன். கத்தினால் மூச்சு உள்ளே போகும்போது நெஞ்சு கத்தியால் கீறுவதுபோல் எரிந்தது. கத்துவதை விட்டேன். ஜெபம் சொல்லப் பார்த்தேன். 'அருள் நிறைந்த மரியே'க்கு அடுத்த சொல் வரவில்லை. சின்ன வயதிலிருந்து சொல்லும் ஜெபம். வரவில்லை. மனைவியின் பெயரைச் சொன்னேன். றோஸ். றோஸ். றோஸ். அது வந்தது.

பத்து ஐம்பத்தொன்று. காது எரிவது நின்றுவிட்டது. அது நல்லதல்ல என்று எனக்குத் தெரியும். தரை இன்னும் சரிகிறது. பெட்டிகள் ஒவ்வொன்றாக வழுக்கிக் கீழ்ச்சுவரில் மோதும் சத்தம். டும். கொஞ்சம் இடைவெளி. டும். இந்தப் பெட்டிகளோடு பெட்டியாகக் கடலுக்கடியில் போவேன். தண்ணீர்கூட உள்ளே வராது. அவ்வளவு இறுக்கமான கதவு. மூச்சு முடியும்வரை இருட்டில் இருப்பேன். அந்த நினைப்புத்தான் என்னை மறுபடி கத்தவைத்தது.

பத்து ஐம்பத்து மூன்று. கதவில் ஒரு தட்டு.

பிறகு குரல். நுரைச் சுவருக்கு அப்பாலிருந்து. வெகு தூரத்திலிருந்து வருவது போல.

"அண்ணை! தள்ளி நில்லுங்கோ!"

*

இரும்பு அலவாங்கு கொண்டு வந்திருந்தான். கதவின் மேல் மூலையில் அதன் நுனி உள்ளே வந்தது. கூடவே ஒரு கோடு வெளிச்சம். மூன்று தரம் நெம்பினான். நான் உள்ளேயிருந்து உதைத்தேன். "இப்ப தள்ளுங்கோ! தள்ளுங்கோ!" நான்காம் தரம் கதவு பாதி திறந்தது. அவன் என் ஏப்ரனைப் பிடித்து இழுத்தான். நான் பக்கவாட்டில் வெளியே விழுந்தேன்.

நடைபாதையில் சிவப்பு அவசர விளக்கு. புகை. டீசல் மணம். பாதத்துக்குத் தண்ணீர். கஜன் என்ஜின் அறை உடுப்பில் நிற்கிறான். முகம் முழுக்கக் கறுப்பு எண்ணெய். நெற்றியில் இரத்தம். உயிர்காப்பு அங்கி போட்டிருக்கிறான். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை அவனுடைய காவல் வேளை. கீழே இருந்து ஏறி வந்திருக்கிறான். கட்டுப்பாட்டு அறையில் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்திருக்கிறான். படகு இருப்பது மேலே பின்பக்கம். என் குளிர் அறை அவனுடைய பாதையில் இல்லை. அதற்காக அவன் இடப்பக்கம் திரும்பி ஒரு முழு நடைபாதை வந்திருக்க வேண்டும்.

"நடக்க ஏலுமே?"

தலையாட்டினேன்.

"முன்னாலை போங்கோ. படியிலை எண்ணெய் கிடக்கு. வழுக்கும். கம்பியைப் பிடியுங்கோ."

அவ்வளவுதான் கதைத்தான்.

படிக்கட்டு இருபது அடி தூரத்தில். பன்னிரண்டு படிகள். தினமும் சாப்பாட்டுச் சாமான் சுமந்து ஏறிய படிகள். எண்ணிக்கை தெரியும். நான் முன்னால். அவன் பின்னால். கால் விரல்கள் மரத்திருந்தன. மரக்கட்டையில் நடப்பது போல நடந்தேன். மெதுவாக நடந்தேன். அவன் என் முதுகில் கை வைத்துத் தள்ளினான்.

நான் ஒன்பதாம் படியில். அவன் முதலாம் படியில் கால் வைக்கிறான்.

பத்து ஐம்பத்தாறு. இரண்டாவது அடி.

இந்தமுறை சத்தம் கேட்டது. காது முழுவதும் நிறைந்த சத்தம். பிறகு காதே இல்லை போல ஒரு நிசப்தம். பிறகு ஒரு விசில். கம்பியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தேன். கால்கள் காற்றில் தொங்கின. கீழே நடைபாதையின் கடைசிக் கதவு கழன்று வந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர். கறுப்புத் தண்ணீர். அது நடைபாதை முழுக்க நிறைந்து வந்தது. கஜனைப் படியிலிருந்து எடுத்துக்கொண்டு போனது.

திரும்பிப் பார்த்தேன். அவனைக் காணவில்லை. சிவப்பு விளக்கு தண்ணீருக்குள் எரிந்துகொண்டிருந்தது.

அப்போது குரல்.

"அண்ணை!"

ஒருதரம். வலப்பக்கத்திலிருந்து. குளிர் அறைப் பக்கத்திலிருந்து. அதில் வலி இல்லை. ஒரு ஆளைக் கூப்பிடும் குரல். நான் இங்கே நிற்கிறேன் என்று சொல்லும் குரல்.

தண்ணீர் நான்காம் படிக்கு வந்திருந்தது. ஐந்தாம் படிக்கு வந்தது.

நான் மேலே ஏறினேன்.

பத்தாம் படி. பதினோராம் படி. பன்னிரண்டாம் படி. மேலே இருந்த கதவுக்குள் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் தரம் அவன் கூப்பிட்டானா என்று எனக்குத் தெரியாது. என் காதில் விசில் இருந்தது. கூப்பிட்டிருக்கலாம்.

*

மேல்தளத்தில் வெயில். அவ்வளவு வெயிலை நான் எதிர்பார்க்கவில்லை. கடல் தட்டையாக, நீலமாக இருந்தது. கப்பல் நடுவில் முறிந்திருந்தது. முன்பாதி தனியாக, மூக்கை மேலே தூக்கிக்கொண்டு, எங்களை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. முறிந்த இடத்திலிருந்து கோதுமை கொட்டியது. கடலில் மஞ்சளாக ஒரு பாய் விரிந்தது. பெரிய படகு அதன் தாங்கியில் முறுகிச் சிக்கிக் கிடந்தது. அதை இறக்கவே முடியவில்லை என்று பிறகு சொன்னார்கள். காற்றடைத்த தெப்பம் ஒன்று கீழே மிதந்தது.

கீழேயிருந்து நிஹால் அய்யே கத்துகிறார்.

"பனின்ன! கிளமென்ற், பனின்ன! குதி!"

குதித்தேன். கடல் வெந்நீர் போல் சுட்டது. குளிர் அறையில் இருந்தவனுக்கு அப்படித்தான் இருக்கும். நிஹால் அய்யே தலைமயிரைப் பிடித்து இழுத்துத் தெப்பத்துக்குள் போட்டார். போட்டதும் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"கஜன் கோ?"

கஜன் எங்கே என்று கேட்கிறார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டியதற்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பதினொன்று ஒன்பது. பின்பாதி போனது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. காற்று வெளியேறும் ஒரு நீண்ட பெருமூச்சு. பிறகு குமிழிகள். கோதுமை சுழன்றது. நின்றது.

தெப்பத்தில் பத்துப் பேர். ஆறு பேருக்கான தெப்பம். மேலே கூடாரம் மாதிரி செம்மஞ்சள் துணி. ஒரு வாசல். முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் இருந்தோம். காலை நீட்ட வேண்டுமென்றால் எதிரே இருப்பவர் மடக்க வேண்டும்.

பதினொன்று முப்பத்தைந்து. யாரோ வாசல் பக்கம் கை காட்டினார். முந்நூறு மீற்றர் தூரத்தில் தண்ணீர் பொங்கியது. கறுப்பாக ஒன்று எழும்பியது. முதலில் கோபுரம். பிறகு முதுகு. தண்ணீர் வழிந்தது. கொடி இல்லை. எழுத்து இல்லை. கோபுரத்தில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் கையில் ஏதோ இருந்தது. துப்பாக்கி என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். ஒருவர் மேல் ஒருவர் படுத்தோம்.

கமெரா. எங்களைப் படம் எடுத்தார்கள். தெப்பத்தை. கோதுமையை. மறுபடி எங்களை.

நிஹால் அய்யே எழும்பி நின்று இரண்டு கையையும் தூக்கினார். "ஹெல்ப்! ஹெல்ப்!" என்று கத்தினார். கோபுரத்தில் நின்றவர்கள் கேட்டிருப்பார்கள். கடல் அவ்வளவு அமைதியாக இருந்தது. அவர்கள் உள்ளே இறங்கினார்கள். மூடி சாத்தும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. கறுப்பு முதுகு தாழ்ந்தது. தண்ணீர் மூடியது.

அதற்குப் பிறகு அது எங்களுக்குக் கீழே இருக்கிறது என்றே எல்லோரும் நினைத்தோம். தெப்பத்தின் அடி மெல்லிய றப்பர். பிட்டத்தில் கடலின் அசைவு படும். ஒவ்வொரு அசைவுக்கும் யாராவது ஒருவர் மூச்சைப் பிடித்தார். மேலே துணி. கீழே அது. நடுவில் நாங்கள்.

எலெக்ரீசியன் ஜெயராஜ் என் மடியில் இருந்தார். தூத்துக்குடிக்காரர். கழுத்திலிருந்து இடுப்புவரை வெந்திருந்தது. "தம்பி, அந்தத் துணியக் கொஞ்சம் தூக்கேன், காத்து வரட்டும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தூக்கினேன். காற்று இல்லை. சனிக்கிழமை காலை ஆறு பத்துக்குக் கேட்பதை நிறுத்தினார். அவரைக் கடலில் விட நாங்கள் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. பதினொரு மணித்தியாலம் அவர் எங்களோடு இருந்தார். அந்த வெயிலில். அந்தத் துணிக்குள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன்.

சனிக்கிழமை மாலை ஐந்து இருபது. ஒரு மீன்பிடிப் படகின் என்ஜின் சத்தம். வாரக் கணக்கில் ஆழ்கடலில் நிற்கும் நீர்கொழும்புப் படகு. நான்கு பேர். அவர்கள் தங்களிடம் இருந்த தண்ணீர் முழுவதையும் எங்களுக்குத் தந்தார்கள். ஒருவர் என் கையில் ஒரு பிளேன்ரீ தந்தார். குடிக்கத் தெரியவில்லை. எல்லாம் நெஞ்சில் ஊற்றுப்பட்டது.

*

கொழும்பில் ஒரு அலுவலகத்தில் வாக்குமூலம் எடுத்தார்கள். எடுத்த அதிகாரி நல்ல மனிதர். சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தண்ணீர் தந்தார். ஜன்னலைத் திறந்துவிடச் சொன்னேன். திறந்தார். ஒவ்வொருவர் பெயராகக் கேட்டுக்கொண்டு வந்தார். மூன்றாம் என்ஜினியரைக் கடைசியாக எங்கே கண்டீர்கள்?

"மம தன்னே நே, சேர்."

எனக்குத் தெரியாது, சேர். அதுதான் நான் சொன்னது.

காவல் வேளையில் இருந்தவர், ஆகவே என்ஜின் அறையில் இறந்திருக்க வேண்டும் என்று அவர் எழுதினார். வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

கொட்டாஞ்சேனை வீட்டில் நான் ஒரு கதவையும் சாத்தவிடவில்லை. குளிக்கும் அறைக் கதவைச் சாத்தினால் மூச்சு நின்றது. றோஸ் அங்கே ஒரு சேலையைத் திரையாகக் கட்டினாள். ஞாயிறு பூசைக்குப் போனால் கடைசி வரிசை வாங்கில், வாசலோடு இருந்தேன். பாதிரியார் எங்கள் பெயர்களைச் சொல்லி நன்றி செலுத்தினார். இறந்தவர்களின் பெயர்களையும் சொன்னார். கஜேந்திரன் என்றார். நான் எழும்பி வெளியே வந்தேன்.

கஜனின் அம்மா எனக்குப் போன் எடுத்தார். யோகேஸ்வரி ரீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கஜன் ஒரே பிள்ளை. தகப்பன் இல்லை.

"தம்பி, நீங்கள் பிள்ளையைக் கடைசியா எப்ப கண்டனீங்கள்?"

"காலமைச் சாப்பாட்டுக்கு வந்தவர் அம்மா. அதுக்குப் பிறகு காணேல்லை."

இரண்டு கிழமைக்குப் பிறகு மறுபடி எடுத்தார். அதே கேள்வி. அதே பதில். முப்பத்தோராம் நாள் காரியத்தைச் செய்யச் சொல்லி ஐயரும் சொந்தக்காரரும் சொல்கிறார்களாம். உடல் இல்லை. தர்ப்பையில் உருவம் செய்து எரிக்கலாம் என்கிறார்களாம். அவர் மாட்டேன் என்றாராம். "என்ஜின் றூமிலை எண்டு எழுதியிருக்கினம். ஒருத்தரும் காணேல்லை. காணாமல் என்னெண்டு எழுதினவை?" என்று என்னிடம் கேட்டார். "காணாத ஒண்டை வைச்சு நான் எரிக்க மாட்டன்."

போனை வைத்த பிறகு றோஸ் என்னைப் பார்த்தாள்.

"நீங்க அந்தப் பெடியனக் கண்டீங்க" என்றாள். "தூக்கத்தில கூப்பிடுறீங்க. ஒவ்வொரு நாளும்."

அப்போது அவளுக்குச் சொன்னேன். முதன்முதலாக. குளிர் அறை, அலவாங்கு, படி, குரல். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் கையை விட்டாள். பயந்துவிட்டேன். ஆனால் அவள் எழும்பிப் போய் என் சேர்ட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அந்த அம்மாட்டப் போங்க. இண்டைக்கே போங்க."

*

பஸ்ஸில் ஏறினேன். சனம். கொள்ளுப்பிட்டிக்கு வரும்போது கதவடியில் ஆட்கள் நெருக்கி நின்றார்கள். இறங்க வழியில்லை. நெஞ்சுக்குள் அதே எரிவு. "பஹினவா! பஹினவா!" இறங்கப் போகிறேன் என்று கத்தினேன். கொண்டக்டர் பயந்து மணியை இழுத்தார். அங்கிருந்து காலி வீதி வழியாக வெள்ளவத்தைவரை நடந்தேன். வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கைகளின் முடிவில் கடல் தெரியும். பார்க்கவில்லை. ஒவ்வொரு ஒழுங்கையையும் கடக்கும்போது கடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மூன்றாம் மாடி. லிஃப்ற் இருந்தது. படியால் ஏறினேன்.

"வாங்கோ தம்பி. இருங்கோ. தேத்தண்ணி போடட்டே?"

"வேண்டாம் அம்மா. நான் உங்களுக்குப் பொய் சொல்லிட்டன்."

அவர் இருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை. அழுதால் பாதியில் விட்டுவிடுவேன் என்று பயந்தேன். அவரும் அழவில்லை. கணக்குப் பார்ப்பது போலக் கேள்வி கேட்டார்.

"நீங்கள் எத்தினையாம் படியிலை?"

"ஒன்பதாம் படி."

"பிள்ளை?"

"முதல் படி. கால் வைக்கேக்கை."

"தண்ணி?"

"நாலாம் படி. பிறகு அஞ்சு."

"எத்தினை தரம் கூப்பிட்டவன்?"

"எனக்குக் கேட்டது ஒருதரம்."

"என்னெண்டு?"

"அண்ணை எண்டு."

அவர் ஜன்னலைப் பார்த்தார். கீழே ரயில் போனது. வீடு அதிர்ந்தது. நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். ரயில் போன பிறகு கேட்டார்.

"நீங்கள் இறங்கியிருந்தால் ரெண்டு பேரும் வந்திருப்பியளோ?"

"தெரியாது அம்மா."

"இதுவும் பொய்யோ?"

"இல்லை. உண்மையா எனக்குத் தெரியாது."

"சரி" என்றார். பிறகு, "மன்னிக்கச் சொல்லிக் கேக்காதேங்கோ தம்பி. எனக்கு இண்டைக்கு ஏலாது. எப்பவும் ஏலுமோ தெரியாது."

"கேக்க வரேல்லை அம்மா."

"அவன் கீழை நிண்டு சாகேல்லை. வெளியிலை வந்தவன். திரும்பி உங்களட்டை வந்தவன். அப்பிடித்தானே?"

"ஓம்."

"அப்ப அந்தப் பேப்பரிலை கிடக்கிறது பிழை. பிழையைத் திருத்துங்கோ. நீங்கள் கேட்டதையும் எழுதுங்கோ. ஏறினதையும் எழுதுங்கோ. ஒண்டையும் விடாதேங்கோ." குரல் அப்போதுதான் உடைந்தது. "நான் என்ரை பிள்ளைக்குக் காரியம் செய்யோணும்."

அடுத்த நாள் அந்த அலுவலகத்துக்குப் போனேன். நிஹால் அய்யே காலியிலிருந்து விடியவே பஸ் எடுத்து வந்திருந்தார். வாசலில் நின்று அவருக்கும் சொன்னேன். நான் தெப்பத்துக்கு வந்தபோதே ஏதோ இருக்கிறது என்று தனக்கு விளங்கியது, கேட்கப் பயமாக இருந்தது என்றார். உள்ளே போனோம். விசாரணைக் கோவை மூடியாயிற்று என்றார்கள். நிஹால் அய்யே போக மறுத்து அங்கேயே வாங்கில் இருந்தார். இரண்டு மணித்தியாலம். கடைசியில் அதே அதிகாரி வந்தார். மறுபடி எழுதினார். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் எழுதினார். வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

யோகேஸ்வரி ரீச்சர் தர்ப்பை உருவம் எரித்த நாளில் நானும் போனேன். பொரளைக் கனத்தை மயானத்தில். உள்ளே வரச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. நான் கேற்றடியில் நின்றேன். திறந்த கேற்.

*

இருபத்திரண்டு பேர் ஏறினோம். ஒன்பது பேர் இறங்கினோம்.

கப்ரின். கடைசிவரை மேல் அறையில் நின்று வானொலியில் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன அந்த இடத்தைக் கேட்டுத்தான் மீன்பிடிப் படகு வந்தது.

முதலாம் அதிகாரி. முன்தளத்தில் நின்றவர்.

அவரோடு நான்கு மாலுமிகள். பிலிப்பைன்ஸ்காரர். முன்பாதியோடு போனார்கள். அவர்களில் இரண்டு பேர் சகோதரர்கள்.

இரண்டாம் அதிகாரி. இரவுக் காவல் முடித்துத் தன் அறையில் படுத்திருந்தார். அவருடைய கதவை யாரும் திறக்கவில்லை.

இரண்டாம் என்ஜினியர். எண்ணெய் போடும் ஆட்கள் இருவர். பொருத்துநர் ஒருவர். இவர்கள் என்ஜின் அறையில்.

எலெக்ரீசியன் ஜெயராஜ். தெப்பத்தில். அவருடைய உடல் ஒன்றுதான் வீடு போய்ச் சேர்ந்தது.

கஜேந்திரன். மூன்றாம் என்ஜினியர். என்ஜின் அறையில் இறந்தவர் அல்ல. உணவுக் களஞ்சிய நடைபாதையில், வெள்ளிக்கிழமை, காலை பத்து ஐம்பத்தாறுக்குப் பிறகு. ஒருதரம் கூப்பிட்டார். நான் கேட்டேன். நான் ஏறினேன்.

பதின்மூன்று பேர். ஒரு கப்பல். ஐந்து கிடங்கு கோதுமை.

கையெழுத்து: கிளமென்ற், சமையற்காரன், கொட்டாஞ்சேனை.